மேசையில் ஆள் இல்லாதபோதும் வேலை நடக்கிறது: கலை, கட்டடக்கலைக் கல்லூரிகளை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், டீன்களுக்கும், ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கலை, கட்டடக்கலைக் கல்லூரியில் முதல் ஆண்டு ஸ்டுடியோ நடத்துகிறவன் நான். ஓவியம், சிற்பம், இசை, நாடகம், கட்டடக்கலை என்று தனித்தனியாக இருந்த துறைகளை ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே கூட்டிவந்த கல்லூரி அது. இப்படிப்பட்ட கல்லூரிகள் பல நாடுகளில் இருக்கின்றன. அவற்றை நடத்துகிறவர்களுக்கு வரும் தலைவலிகளும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதனால் எங்கள் டீனுக்கு மட்டும் எழுதவேண்டியதை எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

விஷயம் மேசையில் தொடங்குகிறது.

போன பருவத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கையில் அட்டையும் பேனாவுமாக ஓர் அலுவலர் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். அறையில் 60 மேசைகள். அந்த நேரத்தில் 11 பேர் இருந்தார்கள். 11 என்று எழுதிக்கொண்டு போனார். மறுநாள் வேறொரு நேரத்தில் வந்து 24 என்று எழுதிக்கொண்டார். சில மாதம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஸ்டுடியோக்களின் இடப் பயன்பாடு குறைவாக இருப்பதால், மாணவருக்கு ஒரு மேசை என்ற ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, வந்தவர் வந்த இடத்தில் உட்காரும் முறையைப் பரிசீலிக்கப் போகிறார்களாம். பட்டறைகளின் நேரத்தையும் ‘சீரமைப்பார்கள்’. அந்தச் சொல்லுக்கு மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவது என்று பொருள்.

அந்த அலுவலர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவருக்குக் கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்தார். கணக்கும் ரகசியமானதல்ல. ஓர் அறை வாரத்தின் மணி நேரங்களில் எத்தனை பங்கு பயன்படுகிறது என்று பார்ப்பார்கள். பயன்படும்போது எத்தனை இருக்கை நிறைகிறது என்று பார்ப்பார்கள். இரண்டையும் பெருக்குவார்கள். பாதி நேரம் பயன்படும் அறை, பயன்படும்போது பாதி நிறைந்தால், 25 சதவீதம். விரிவுரை அறைக்கு இது நல்ல கணக்கு. ஆசிரியர் பேசி முடித்ததும் விரிவுரை முடிகிறது, எல்லாரும் எழுந்து போனதும் அறை உண்மையிலேயே காலியாகிறது.

ஸ்டுடியோவில் அப்படி இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஆளில்லாத 49 மேசைகளில் என்ன இருந்தது என்று அவருடைய அட்டையில் எழுத இடம் இல்லை. நான் சொல்கிறேன். ஒரு மேசையில் பசை காயாத அட்டை மாடல், நான்கு பக்கமும் கவ்விகளோடு. இன்னொன்றில் முந்தின நாள் ஊற்றிய ப்ளாஸ்டர் அச்சு. ப்ளாஸ்டர் அரை மணிக்குள் இறுகிவிடும். ஈரம் போய்க் காய நாட்கணக்கு ஆகும். சன்னலோரத்து மேசையில் எண்ணெய் வண்ணம் தீட்டிய பலகை, விரல் பட்டால் கெட்டுவிடும் நிலையில். மூலை மேசையில் எட்டு முறை வரைந்து எட்டு முறையும் அடித்துப்போட்ட ஒரு படிக்கட்டின் வெட்டுப்படம். அந்த மாணவி தூங்கப் போயிருந்தாள். திரும்பி வந்து தன் தப்பைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தாள்கள் விட்ட இடத்திலேயே, விட்ட நிலையிலேயே இருக்க வேண்டும்.

அதோடு, பக்கத்து மேசைக்காரன் போகிற போக்கில் அந்தப் படிக்கட்டைப் பார்த்துவிட்டு, ‘இங்கே தலை இடிக்குமே’ என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போயிருந்தான். அவன் சொன்னது சரி. நான் இரண்டு நாளாகப் பார்த்தும் எனக்கு அது படவில்லை. ஸ்டுடியோவில் நடக்கும் கற்பித்தலில் பாதி இப்படித்தான் நடக்கிறது. அதற்கு நான் சம்பளம் வாங்கிக்கொள்கிறேன், அவ்வளவுதான். பாரிஸின் எக்கோல் தே போஸார் பள்ளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டடக்கலை படித்தவர்களும், பெரும்பாலான பாடத்தைப் பள்ளியின் விரிவுரை மண்டபங்களில் கற்கவில்லை. மூத்தவர்களும் புதியவர்களும் அடுத்தடுத்து உட்கார்ந்து வரைந்த அத்தெலியே என்ற பயிற்சிக்கூடங்களில்தான் கற்றார்கள். மேசையைப் பிடுங்கினால் பிடுங்கப்படுவது அந்த அக்கம்பக்கம். தினம் ஓர் இடத்தில் உட்காருகிறவனுக்கு அக்கம்பக்கம் கிடையாது. அவன் மாடலை வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்துக்கொள்வான், அதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இனி அந்தப் பெயர்ப்பலகைக்கு வருகிறேன். கலையையும் கட்டடக்கலையையும் ஒரே கல்லூரியாக இணைத்தது நிர்வாகச் செலவைக் குறைக்கத்தான் என்று எங்கள் ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வார்கள். இருக்கலாம். காரணம் எதுவானாலும் நல்ல காரியம் நடந்திருக்கிறது, அதைக் காரியமாகவே நடத்துங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஏனென்றால் இந்த இணைப்பைப் பலர் நமக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார்கள், பட்டும் இருக்கிறார்கள்.

ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் பள்ளி என்றதும் குழாய் நாற்காலியும் வெள்ளைச் சுவரும்தான் நினைவுக்கு வருகின்றன. அது ஓர் அரசுப் பள்ளி என்பதும், ஓர் இணைப்பில் பிறந்தது என்பதும் பலருக்கு நினைவில் இல்லை. 1919 இல் வைமர் நகரில் நுண்கலைக் கழகத்தையும் கைவினைப் பள்ளியையும் சேர்த்துக் கட்டடக்கலைஞர் வால்டர் குரோப்பியஸ் அதை உருவாக்கினார். எல்லாக் காட்சிக்கலைகளும் கடைசியில் கட்டடத்தில் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய அறிக்கையின் சாரம். வேடிக்கை என்னவென்றால், கட்டடக்கலைக்கென்று ஒரு துறை அங்கே 1927 இல்தான் வந்தது. அதுவரை எட்டு ஆண்டுகள் அந்தப் பள்ளி மரம், உலோகம், நெசவு, மண், சுவரோவியம், அச்சு என்று பட்டறைகளாலேயே ஓடியது. சேர்ந்த புதிதில் யாரும் எந்தத் துறைக்கும் உரியவர் இல்லை. எல்லாரும் ஒரே அடிப்படைப் பயிற்சி. அதன்பிறகுதான் பட்டறை.

அந்தப் பட்டறைகளில் இரண்டு ஆசான்கள் இருந்தார்கள். ஒருவர் வடிவத்துக்கு, பெரும்பாலும் ஓவியர். இன்னொருவர் தொழிலுக்கு, தச்சரோ நெசவாளரோ கொல்லரோ. மாணவன் இருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனால் அதன் ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியின் முடிவுகள் எடுக்கப்பட்ட இடத்தில் தொழில் ஆசான்களுக்கு வடிவ ஆசான்களுக்குச் சமமான குரல் இருக்கவில்லை. கையும் கருத்தும் ஒன்று என்று அறிவித்த பள்ளியிலேயே கை ஒரு படி கீழேதான் உட்கார்ந்தது. பெண்கள் நிலையும் அப்படித்தான். சேர்க்கையில் சமத்துவம் பேசிவிட்டு, வந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்குத் தள்ளினார்கள். அன்னி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறையில் சேர விரும்பியவர், நெசவுக்கு வந்து சேர்ந்தார். அந்த நெசவுப் பட்டறைதான் பிறகு பள்ளிக்குப் பணமும் பெயரும் சம்பாதித்துத் தந்தவற்றுள் ஒன்றாயிற்று என்பதை, ‘வருவாய் ஈட்டாத பட்டறைகள்’ என்று பட்டியல் போடுகிறவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம்.

இணைப்பும் சுமுகமாக இல்லை. பழைய நுண்கலைக் கழகத்துக்காரர்கள் இரண்டு ஆண்டுக்குள் கோபித்துக்கொண்டு தனிப் பள்ளியாகப் பிரிந்து போனார்கள். 1924 இல் ஆட்சி மாறியதும் மாநில அரசு பள்ளிக்கான ஒதுக்கீட்டைப் பாதியாக வெட்டியது. அடுத்த ஆண்டு பள்ளி டெசாவ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் கலைப் பள்ளியின் வாழ்க்கை எப்போதும் இப்படித்தான். உங்கள் நாற்காலியின் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை.

கூரையைப் பற்றி இரண்டு கதைகள் சொல்ல வேண்டும். இரண்டுமே தனியார் பல்கலைக்கழகங்களில் நடந்தவை, ஆனால் பாடம் நமக்கும் சேர்த்துத்தான்.

சிகாகோவில் இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தின் கிரவுன் ஹால், 1956 இல் திறந்தது, மீஸ் வான் டெர் ரோவின் வடிவமைப்பு. 220 அடி நீளம், 120 அடி அகலம், 18 அடி உயரத்தில் ஒரே அறை. உள்ளே ஒரு தூண் கிடையாது. எஃகும் கண்ணாடியும். கட்டடக்கலை மாணவர்கள் அங்கே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வரைந்தார்கள். அதே கட்டடத்தில் இன்னொரு பள்ளிக்கும் இடம் தந்தார்கள். பாவ்ஹவுஸில் ஆசிரியராக இருந்த மொஹோலி நாஜ் 1937 இல் சிகாகோவில் தொடங்கிய வடிவமைப்புக் கழகம், அதாவது பாவ்ஹவுஸின் நேர் வாரிசு. அதை எங்கே வைத்தார்கள்? கீழே, அடித்தளத்தில். புகைப்படமும் வடிவமைப்பும் படித்தவர்கள் அந்தப் பேரொளி அறைக்கு அடியில் இருந்தார்கள். ஒரே கூரைதான். படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும், அவ்வளவே.

யேல் பல்கலைக்கழகத்தில் பால் ருடால்ஃப் கட்டிய கட்டடத்துக்குப் பெயரே கலை, கட்டடக்கலைக் கட்டடம். 1963 இல் திறந்தார்கள். சொரசொரப்பான கான்கிரீட், உள்ளே முப்பத்தேழு மட்டங்கள். பத்திரிகைகள் கொண்டாடின. உள்ளே வேலை செய்தவர்களில் எல்லாரும் கொண்டாடவில்லை. ஓவியர்களுக்குத் தங்கள் இடத்தின் வெளிச்சம் ஒத்துவரவில்லை. சிற்பிகளை நிலத்தடிக்கு அனுப்பியிருந்தார்கள், கூரை தாழ்வு. சிற்பம் செய்கிறவனுக்குத் தாழ்ந்த கூரை! 1969 இல் அந்தக் கட்டடத்தில் தீப்பிடித்தது. பின்னாளில் சுற்றிச் சுற்றித் தடுப்புகள் போட்டு அதை உருத்தெரியாமல் ஆக்கினார்கள். 2008 இல் புதுப்பித்துக் கட்டியவர் பெயரையே வைத்தார்கள். இன்று அதில் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. கலைப் பள்ளி வேறிடத்தில். எனக்கு அந்தக் கட்டடம் பிடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் யாருக்கு எந்த வெளிச்சம் வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும் என்று கேட்காமல் ‘இணைத்து வைப்பதில்’ அது ஒரு பாடப்புத்தகம்.

இரண்டு கதைகளிலும் கீழ்த்தளம் யாருக்குப் போனது என்று கவனித்திருப்பீர்கள். எங்கள் கல்லூரியிலும் சிற்பப் பட்டறை கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது.

மாற்றாக ஒன்றும் இருக்கிறது, அது பொதுப் பல்கலைக்கழகத்திலேயே. சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, நகரியல் பள்ளி. விலானோவா ஆர்ட்டிகாஸ் தன் கூட்டாளி கார்லோஸ் காஸ்கால்டியோடு வடிவமைத்தது, 1969 இல் முடிந்தது. அதன் வாசலுக்குக் கதவு கிடையாது. வெளியே நடக்கிற பாதை அப்படியே உள்ளே வருகிறது. நடுவில் பெரிய கூடம். மாடிகளைச் சாய்வுப் பாதைகள் இணைக்கின்றன. ஏறும்போது ஒருவர் மற்றவருடைய வேலையைப் பார்க்காமல் ஏற முடியாது. அங்கே 1962 இலேயே பாடத்திட்டத்தை மாற்றி, பொருள் வடிவமைப்பையும் காட்சித் தொடர்பையும் கட்டடக்கலைப் படிப்புக்குள் கொண்டுவந்திருந்தார்கள். கட்டடம் அந்தப் பாடத்திட்டத்துக்குப் போட்ட சட்டை மாதிரி. ஆர்ட்டிகாஸை அதே 1969 இல் ராணுவ ஆட்சி ஆசிரியப் பணியிலிருந்து நீக்கிவிட்டது. கதவில்லாத பள்ளியைக் கட்டியவருக்கு அதற்குள் பாடம் நடத்த ஏறத்தாழப் பத்தாண்டு அனுமதி இல்லை.

கதவே வைக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பட்டறைக் கதவின் பூட்டு எத்தனை மணிக்கு விழுகிறது என்பதைப் பற்றி மட்டும்தான் பேசுகிறேன்.

மண் சூளையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சுடலுக்கு ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸ், மெருகேற்றிய கல்மண் பாண்டங்களுக்கு 1200 க்கும் மேலே. 573 டிகிரிக்கு அருகே மண்ணிலுள்ள குவார்ட்ஸ் திடீரென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். அங்கே அவசரப்பட்டால் பானை விரிசல் விடும். அதனால் ஏற்றுவதற்கு ஒரு பகல் என்றால் ஆற்றுவதற்கு அதைவிட அதிக நேரம். உங்கள் கணக்கில் சூளை அறை வாரத்தில் இரண்டு நாள் ‘காலி’. உண்மையில் அந்த இரண்டு நாளும் சூளை ஆறிக்கொண்டிருக்கிறது. அது ஆறுவதை விரைவுபடுத்த எந்தச் சுற்றறிக்கையாலும் முடியாது.

எங்கள் பட்டறையைப் பார்த்துக்கொள்கிறவருக்குப் பட்டம் கிடையாது. பதவிப் பெயர் ‘தொழில்நுட்ப உதவியாளர்’. அவரிடம் எல்லாத் துறை மாணவர்களும் வருகிறார்கள். இந்தக் கல்லூரியில் ஓவியனும் கட்டடக்கலைக்காரியும் நாடக அரங்கம் அமைக்கிறவனும் நிஜமாகச் சந்திக்கும் ஒரே இடம் அவருடைய ரம்ப மேசைதான். ஒரு மாணவி வளைவு மாடல் செய்ய ப்ளைவுட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். பின்பக்கம் வரிசையாக ஆழமில்லாத வெட்டுகள் போட்டுக் காட்டினார். பலகை வளைந்தது. அடுத்த வாரம் அவளுடைய கட்டடத்தின் கூரையே மாறியிருந்தது. நான் அவளுக்கு மூன்று வாரம் வளைவைப் பற்றி ‘விரிவுரை’ நடத்தியிருந்தேன்.

பொதுப் பல்கலைக்கழகத்துக்கு இது அந்நியமான மரபும் அல்ல. அமெரிக்காவில் கட்டடக்கலையில் முதல் பட்டம் பெற்றவர் நேதன் ரிக்கர், இல்லினாய் பல்கலைக்கழகத்தில், 1873 இல். உழவுக்கும் தொழிலுக்கும் பயன்படும் கல்வியைப் பொதுமக்களுக்குத் தரவேண்டும் என்று 1862 இல் இயற்றிய நில மானியச் சட்டத்தில் பிறந்த பல்கலைக்கழகம் அது. ரிக்கர் தச்சு வேலை தெரிந்தவர். படித்த துறைக்கே தலைவராகி 1910 வரை நடத்தினார். மாணவர்கள் பட்டறையில் கையால் செய்து பழக வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதே துறையில் 1879 இல் மேரி பேஜ் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கட்டடக்கலைப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். பாரிஸ் பள்ளியின் கட்டடக்கலைப் பிரிவு ஒரு பெண்ணை, ஜூலியா மார்கனை, உள்ளே விட 1898 ஆயிற்று. பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளி சில கதவுகளை முன்னாலேயே திறந்திருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இன்னோர் உதாரணமும் பொதுப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோவை 1993 இல் சாமுவேல் மாக்பியும் டி. கே. ரூத்தும் தொடங்கினார்கள். அலபாமாவின் வறிய பகுதிகளில் ஒன்றான ஹேல் கவுன்டியில் மாணவர்கள் போய்த் தங்கி, அங்கிருப்பவர்களுக்கு வீடுகளும் பொதுக் கட்டடங்களும் வடிவமைத்துத் தங்கள் கையாலேயே கட்டுகிறார்கள். தொடக்க வீடுகளில் ஒன்றுக்குச் சுவர் வைக்கோல் கட்டுகளால் ஆனது. மாக்பி ஓவியரும்கூட. வரைந்துகொண்டே கட்டினார், கட்டிக்கொண்டே வரைந்தார். 2001 இல் அவர் இறந்தபிறகும் ஸ்டுடியோ நடக்கிறது. அங்கே மாணவன் போட்ட கோட்டுக்குக் கீழே ஒரு குடும்பம் தூங்குகிறது. பொதுமக்கள் வரி கட்டிப் படிக்கவைக்கும் படிப்பு அவர்களிடம் திரும்பிப் போய்ச் சேர இதைவிட நேர்வழி எனக்குத் தெரியவில்லை. இதையும் இட விகிதத்தால் அளந்தால், பிரதான வளாகத்தில் அந்த மாணவர்களின் மேசைகள் ஆண்டு முழுக்கக் காலி.

இசைத் துறையை நான் மறக்கவில்லை. எங்கள் கல்லூரியில் இசைக்காரர்களும் கட்டடக்கலைக்காரர்களும் சந்திப்பது பட்டமளிப்பு விழாவில் மட்டும். இவர் வாசிப்பார், அவர் உட்கார்ந்து கேட்பார். ஆனால் அறை ஒலியியல் என்ற அறிவியலே இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்ததுதான். ஹார்வர்டில் ஃபாக் கலை அருங்காட்சியகம் 1895 இல் திறந்தபோது அதன் விரிவுரை மண்டபத்தில் யார் பேசினாலும் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் ஏறத்தாழ ஐந்தரை நொடி எதிரொலித்துக்கொண்டே இருந்தது. கட்டியவர் சாமானியர் இல்லை. பாரிஸ் பள்ளியில் கட்டடக்கலை படித்த முதல் அமெரிக்கர், ரிச்சர்ட் மாரிஸ் ஹன்ட். கோளாறைச் சரிசெய்ய வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரைக் கேட்டார்கள். அவர் ஊர் அடங்கியபின் நள்ளிரவில், பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி, ஒலி தேய்வதை நேரம் பார்த்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த இரவுகளிலிருந்துதான் ஒரு சூத்திரம் வந்தது. அறையின் கன மீட்டரை 0.161 ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் நொடிகளில் கிடைக்கும். 1900 இல் திறந்த பாஸ்டன் சிம்பனி ஹால் அவர் கணக்கின்படி கட்டியது.

இதை முதல் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாக வைக்க மூன்று ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். ஓர் இசை மாணவரும் ஒரு கட்டடக்கலை மாணவரும் சேர்ந்து எங்கள் அரங்கத்தில் கைதட்டி, கேட்டு, அளந்து, திரைச்சீலை மாட்டி மறுபடி அளக்க வேண்டும். செலவு ஒன்றும் இல்லை. இரண்டு துறையின் கால அட்டவணையில் பொதுவாக ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்று பதில் வருகிறது. ஒரே கல்லூரி, ஒரே டீன், ஒரே கடிதத்தலைப்பு. பொதுவாக ஒரு மணி நேரம் மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்துக் குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறேன். மேசையும் சாவியும் கேட்கிறவர்கள் அவற்றை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? தூக்கம் கெட்டு உழைப்பதைப் பெருமையாகப் பேசும் வழக்கம் எங்கள் துறையில் வெகுகாலமாக ஓடுகிறது. பாரிஸ் மாணவர்களின் வரைபடங்களை அள்ளிப்போக வந்த கைவண்டியின் பெயர் ‘ஷாரெத்’. அந்த வண்டி நகரும்போதும் கோடு போட்டுக்கொண்டிருந்தவர்களால் அந்தச் சொல்லே கடைசி நேர வேலைக்குப் பெயராயிற்று. சுவையான கதைதான். ஆனால் மூன்றாம் நாளாகத் தூங்காதவன் கையில் வெட்டுக்கத்தி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். 2002 இல் அமெரிக்கக் கட்டடக்கலை மாணவர் அமைப்பு ஸ்டுடியோ பண்பாட்டைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. பிறகு அங்கே அங்கீகாரம் வேண்டும் பள்ளிகள் இதற்கென ஒரு கொள்கையை எழுதிவைக்க வேண்டியதாயிற்று. ஜூரி என்ற மதிப்பீட்டு அமர்வும் அப்படித்தான். ஒரு பருவ வேலையைச் சுவரில் மாட்டி, நடுங்கிக்கொண்டு நிற்கும் பதினெட்டு வயதுக்காரரிடம் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டிக்கொள்ளும் விருந்தினர்களை நானும் அழைத்திருக்கிறேன். அதில் எனக்கு வெட்கம் உண்டு.

ஆனால் மாலை ஐந்து மணிக்குப் பட்டறையைப் பூட்டுவதால் யாரும் சீக்கிரம் தூங்கப்போவதில்லை. அதே வேலையைத் தங்கும் அறையில், காற்றோட்டமில்லாமல், ஸ்பிரே பசையின் ஆவியை மூக்கில் இழுத்துக்கொண்டு, உதவிக்கு ஆளில்லாமல் செய்வார்கள். பகுதிநேர வேலைக்குப் போய்ப் படிக்கிறவர்கள் பொதுப் பல்கலைக்கழகத்தில் அதிகம். அவர்கள் ஐந்து மணிக்குப் பிறகுதான் வருகிறார்கள். வீட்டில் பெரிய மேசையும் தனி அறையும் உள்ளவர்களுக்கு உங்கள் சீரமைப்பால் ஒரு கஷ்டமும் வராது. இரவு பத்துமணி வரை திறந்து வையுங்கள், பத்துமணிக்குக் கண்டிப்பாகப் பூட்டுங்கள். நாங்கள் கடைசி நாள் ஒப்படைப்பைக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலைக்கு மாற்றிக்கொள்கிறோம். முந்தைய இரவு முழுக்க விழிக்க அந்தக் காலை ஒப்படைப்பைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை.

ஆக, இடத்தை அளக்காதீர்கள் என்று கேட்கவில்லை. அளக்கும்போது மேசையில் இருக்கும் வேலையையும் எண்ணுங்கள். எண்ண வருகிறவரோடு எங்களில் ஒருவர் நடந்து வரட்டும். முதல் ஆண்டின் ஒரு பாடத்தையாவது எல்லாத் துறைக்கும் பொதுவாக்குங்கள். வாரத்தில் ஒரு பிற்பகலை எந்தத் துறையும் தொடாமல் அதற்கு விடுங்கள். கீழ்த்தளத்தில் யார் இருக்கிறார்கள், ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். பட்டறையைப் பற்றி முடிவெடுக்கும் குழுவில் பட்டறையை நடத்துகிறவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், வாக்கோடு.

அவரைப் பற்றித்தான் கடைசியாக ஒன்று. எங்கள் பட்டறைக்காரர் ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கிறது. சூளையின் பார்வைத் துளையில் தெரியும் நிறத்தை வைத்தே உள்ளே என்ன சூடு என்று சொல்லக்கூடியவர் அவர். அளவி பழுதான இரண்டு தடவையும் அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது. அவரிடம் பழக இப்போதே ஒருவரை நியமிக்கச் சொல்லி அனுப்பிய கோப்பு எட்டு மாதமாக யாரோ ஒருவருடைய மேசையில் இருக்கிறது. ஆள் போனபிறகு பணியிடம் காலியானதாகக் காட்டித்தான் கோரிக்கை அனுப்பவேண்டும் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். போனபிறகு வருகிறவருக்கு யார் கற்றுக்கொடுப்பது? அந்தக் கோப்பு உங்களில் யாருடைய மேசையில் இருக்கிறதோ, அவர் தயவுசெய்து இந்த வாரம் அதைத் திறக்கவும்.

இப்படிக்கு,
முதல் ஆண்டு ஸ்டுடியோ ஆசிரியர் ஒருவர்